வீட்டுக்கு வந்த பூனைக்குட்டி

ஐப்பசி மாதத்து அடைமழை நாள் ஒன்றின் மாலைப்பொழுது. நான் அப்போது ஏழாம் வகுப்பு மாணவன். பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில், ஒரு வைக்கோற்போரின் அடியிலிருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்டது. குனிந்து பார்த்தேன். கண்கள் பாதி திறந்தும் திறவாமலும், உடலெல்லாம் நனைந்து, உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய பூனைக்குட்டி ஒன்று கிடந்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். "பாவம், பசியில் கத்துகிறது, கொஞ்சம் பால் கொடடா" என்றார் பாட்டி. கொட்டாங்கச்சியில் பசும்பாலை ஊற்றி அதன் முகத்தருகே பிடித்தேன். குடிக்கவில்லை. பிறகு சங்கை எடுத்துவந்து, கைக்குழந்தையை மடியில் மல்லாத்திப் புகட்டுவதுபோலவே அதற்கும் புகட்டினேன். சிறிது உள்ளே போயிற்று. சிறிது மூக்கின் வழியே வெளியே வந்தது. பழந்துணி ஒன்றில் சுற்றிக் கூடத்து மூலையில் படுக்கவைத்தேன். மறுநாள் விடியலில் அது விறைத்துக் கிடந்தது. "அதற்கு விதித்தது அவ்வளவுதான்" என்று சொல்லிப் பாட்டி என்னைத் தேற்றினார்.

அன்றிரவு நாங்கள் செய்தவை எல்லாம் அன்பினால் செய்தவை. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் சரியானதன்று என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. நேயர்களுள் பலருக்கும், சிறப்பாக மாணவர்களுக்கு, இத்தகைய குட்டி ஒன்று என்றேனும் கையில் வந்து சேரக்கூடும். அப்போது என்ன செய்வது, ஏன் அவ்வாறு செய்வது என்பதையே இப்பேச்சில் கூற விரும்புகிறேன்.

வைணவ ஆசாரியர்கள் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை விளக்க இரண்டு உவமைகளைக் கையாண்டனர். ஒன்று குரங்குக் குட்டி. அது தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். மற்றொன்று பூனைக்குட்டி, அது ஒன்றும் செய்யாமல் கிடக்க, தாயே அதன் பிடரியை வாயாற் கவ்விச் செல்லும். முன்னதை மர்க்கட நியாயம் என்றும், பின்னதை மார்ஜார நியாயம் என்றும் கூறுவர். சமயத் தத்துவம் நிற்க, இவ்வுவமையிற் பொதிந்துள்ள இயற்கை அறிவைப் பாருங்கள். தாய்ப்பூனை பிடரியைக் கவ்விய அளவில் குட்டி கால்களை மடக்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு அசைவற்றுத் தொங்கிவிடுகிறது. தூக்கிச் செல்வது எளிதாவதற்காக இயற்கை அமைத்த ஏற்பாடு அது. பிறந்த மூன்று வாரம்வரை குட்டியின் வாழ்வில் எல்லாமே இப்படித்தான். உடலுக்கு வேண்டிய சூடு, உணவு, தூய்மை அனைத்தும் தாயிடமிருந்தே வருகின்றன. மலம் கழிப்பதற்குங்கூட அதற்குத் தாயின் உதவி வேண்டும். ஆகவே அத்தகைய குட்டியை நாம் எடுக்கும்போது, ஒரு பிராணியை மட்டும் எடுக்கவில்லை. ஒரு தாயின் வேலை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறோம்.

அந்த வேலையை ஏற்கத்தான் வேண்டுமா என்பது முதற்கேள்வி. தனியே கிடக்கும் குட்டியெல்லாம் அனாதை ஆகிவிடாது. தாய்ப்பூனை இரைதேடப் போயிருக்கலாம். அன்றியும், பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் ஊர்களிற் சொல்வதுண்டு. ஏழு என்ற கணக்கு எப்படியாயினும், மாற்றுவது உண்மை. இடம் ஈரமானாலோ, மனித நடமாட்டம் மிகுந்தாலோ, அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் செல்லும். நான்கு குட்டிகளுள் மூன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான்காவதற்காக அது திரும்பிவரும் அந்த நேரத்தில், நம்மைப் போன்ற இரக்கமுள்ள ஒருவர் அதை எடுத்துச் சென்றுவிடுகிறார். குட்டி கொழுகொழுவென்று தூய்மையாகவும், கதகதப்பாகவும், அமைதியாகவும் இருந்தால், தாய் அண்மையில் இருக்கிறது என்றே கொள்ளலாம். தொலைவில் நின்று சில மணி நேரம் பார்த்திருப்பதே அறிவுடைமை. குட்டி நனைந்தோ, குளிர்ந்தோ, காயம்பட்டோ, எறும்பு மொய்த்தோ கிடந்தால் மட்டும் காத்திராமல் எடுக்கவேண்டும். மனிதர் கைபட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பெரும்பாலான தாய்ப்பூனைகள் தயங்காமல் ஏற்றுக்கொள்கின்றன.

எடுத்தாயிற்று என்றால், அடுத்து அறியவேண்டுவது அதன் வயது. எல்லாச் செய்கைகளும் அதைப் பொறுத்தே அமையும். பிறந்த குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். கண்கள் மூடியிருக்கும்; காதுமடல்கள் தலையோடு ஒட்டி மடிந்திருக்கும். ஏழு முதல் பதினான்கு நாளைக்குள் கண்கள் திறக்கும். எந்தச் சாதிப் பூனையாயினும் அப்போது விழி நீலமாகவே தோன்றும். ஆறு ஏழு வாரத்துக்குப் பின்னரே உரிய நிறம் ஏறத் தொடங்கும். மூன்றாம் வாரத்தில் காதுகள் நிமிர்ந்து, முன்பற்கள் ஈற்றிலிருந்து தலைகாட்டும். குட்டி தள்ளாடித் தள்ளாடி நடக்கும். நான்காம் வார அளவில் கோரைப்பற்கள் வந்துவிடும். எட்டு வாரத்தில் நன்கு ஓடித் தாவும். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இருக்கும். பட்டினி கிடந்த குட்டியின் எடை நம்மை ஏமாற்றிவிடும். பற்களும் கண்களும் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால், நான் கொண்டுவந்த குட்டிக்குப் பத்து நாள் வயதுதான் இருந்திருக்கும்.

பத்து நாள் குட்டிக்கு முதலில் வேண்டியது எது? பாட்டி பால் என்றார். நம்முள் எவரும் அப்படித்தான் சொல்வோம். உண்மையில் முதலில் வேண்டியது சூடு. அண்டா நிறைய வெந்நீரையும், ஒரு கரண்டி வெந்நீரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கரண்டி நீர் நொடியில் ஆறிவிடும். அளவு சிறுத்தால், அதற்கு ஒப்ப மேற்பரப்பு மிகும். மேற்பரப்பு மிகுந்தால் சூடு விரைந்து வெளியேறும். பூனைக்குட்டி அந்தக் கரண்டி நீரைப் போன்றது. குளிரில் நாம் நடுங்குகிறோமே, அந்த நடுக்கம் தசைகள் சூடு உண்டாக்கும் முயற்சி. பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்கு அந்த ஆற்றல்கூட இல்லை. தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் கிடந்தே அது சூட்டைப் பெறுகிறது. சென்னை, தஞ்சை போன்ற வெப்பமான இடங்களிலும் மழைக்காலத்து இரவு அதற்குக் கடுங்குளிரே. முதல் வாரத்தில் அதைச் சூழ்ந்த காற்று 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் அளவிலேனும் இருக்கவேண்டும்.

உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டினால் என்ன ஆகும் என்பதே இங்கு முக்கியம். அதன் உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் குடல் இயங்குவது நின்றுவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கிப் புளித்துப் பொருமும். விழுங்கும் திறனும் குன்றுவதால் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். பசியால் உடனே இறந்துவிடாத குட்டி, நாம் புகட்டிய பாலால் இறக்கிறது. எனவே ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, அட்டைப்பெட்டி ஒன்றில் துணி விரித்து, வெந்நீர் நிரப்பி நன்றாக மூடிய புட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்கவேண்டும். மறுபாதி வெறுமையாக இருக்கட்டும்; சூடு மிகுந்தால் குட்டி அங்கு ஊர்ந்து செல்ல இடம் வேண்டும். அடுப்பருகே வைத்துத் திடீரென்று காய்ச்சுவது தவறு. ஒரு மணி நேரம் அளவில் மெல்ல மெல்லச் சூடேறுவதே நல்லது. வேறு வசதி இல்லையெனில், நம் உடலோடு அணைத்து மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டாலும் போதும். குட்டியின் வாயினுள் சுண்டுவிரல் நுனியை வைத்தால் கதகதப்பாக உணர்ந்து, அதுவும் விரலைச் சப்பத் தொடங்கிய பின்னரே உணவைப் பற்றி எண்ணவேண்டும்.

இனிப் பாலைப் பற்றிச் சொல்வேன். பூனையும் பாலும் என்றால் பிரியாத தோழமை என்பது நம் எண்ணம். பழமொழிகளும் கதைகளும் அதையே வளர்த்திருக்கின்றன. ஆயினும், கன்றுக்கென அமைந்த பாலில் நூற்றுக்கு மூன்றேகால் பங்கு அளவே புரதம் உண்டு. பூனையின் பாலிலோ அதைப்போல் இருமடங்குக்கும் மேல். கொழுப்பும் மாட்டுப்பாலில் குறைவு. உணவின் மொத்தச் சத்தோடு ஒப்பிட்டால் பாற்சர்க்கரையோ மிகுதி. அதைச் செரிக்க முடியாமல் குட்டிக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். நூறு நூற்றைம்பது கிராம் எடையுள்ள உயிருக்கு ஓர் இரவு வயிற்றுப்போக்கே உயிரைக் குடிக்கப் போதுமானது. வளர்ந்த பூனைகளுள்ளும் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. பூனைக்குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட பால்மாவு இப்போது கால்நடை மருந்துக் கடைகளிலும், வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளிலும் கிடைக்கிறது. அதையே வாங்கிக் கரைத்துக் கொடுக்கவேண்டும். அது கைக்கு வரும்வரை சில மணி நேரத்துக்கு, கொதித்து ஆறிய நீரில் சிறிது குளுகோஸ் கலந்து சொட்டுச்சொட்டாகக் கொடுக்கலாம். அதற்குமேல் அதைக் கொண்டு ஓட்டக்கூடாது.

புகட்டும் முறையிலும் நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மனிதக் குழந்தை தாய்மடியில் மல்லாந்து பால் குடிக்கிறது. பூனைக்குட்டி குப்புறப் படுத்துத் தலையைச் சற்றே நிமிர்த்திக் குடிக்கிறது. அதை மல்லாத்திப் புகட்டினால் பால் நேரே நுரையீரலுக்குச் செல்ல வழி ஏற்படும். மூக்கின் வழியே பால் வெளிவருவது அதற்கு அடையாளம். நான் கையாண்ட சங்கு இந்தக் காரியத்துக்கு ஏற்ற கருவியே அன்று. சிறு காம்பு பொருத்திய புட்டியோ, ஊசி நீக்கிய சிரிஞ்சோ கொண்டு, குட்டியை மேசைமேல் துணியில் வயிறு படியக் கிடத்தி, அது சப்பும் வேகத்துக்கு ஏற்பக் கொடுக்கவேண்டும். பால் நம் புறங்கையில் விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருத்தல் வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும். இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை. பின்னர் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். பரீட்சைக் காலத்தில் இப்பணியை ஏற்கும் மாணவர், இரவிற் கண்விழிக்க வீட்டிலுள்ள மற்றொருவரின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நலம்.

ஒவ்வொரு முறை புகட்டிய பின்பும் செய்யவேண்டிய ஒன்று உண்டு. பலர் அறியாததும், அறியாமையால் பல குட்டிகள் இறப்பதும் இதனால்தான். மூன்று வாரம்வரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கும்போது ஏற்படும் தூண்டுதலால்தான் அவை வெளியேறும். தாய் வெளியே சென்றிருக்கும்போது கூடு ஈரமாகி நாற்றம் வீசாதிருக்க, இயற்கை செய்த ஏற்பாடு இது எனலாம். தாயின் நாவுக்குப் பதிலாக வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் நாம் மெதுவாக வருடிவிடவேண்டும். இதைச் செய்யாவிட்டால், வயிறு நிறையப் பால் கொடுத்தும் பயன் இல்லை. இவ்வளவும் முறையாக நடந்தால் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை எடை கூடும். சமையலறைத் தராசில் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து, குறிப்பேடு ஒன்றில் எழுதிவருவது நல்ல பழக்கம். ஒரு நாள் முழுதும் எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, கண்ணுக்கு வேறு நோய்க்குறி தெரியாவிடினும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இதுவரை கூறியது தாயற்ற பச்சிளங்குட்டியைப் பற்றி. அக்கம்பக்கத்தில் ஈன்ற குட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வருவது இன்னொரு வகை. அது எளிய வகை. ஆனால் அவசரப்படுகிறவர் அதையும் கடினமாக்கிக்கொள்வர். கண் திறந்து நான்கு வாரம் ஆனதும் அழகாயிருக்கிறது என்று எடுத்துவந்துவிடுகிறோம். குட்டி தன் தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் விளையாடியே எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது நகத்தை உள்ளிழுக்கவேண்டும் என்பவற்றைக் கற்கிறது. ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தார் ஆயிரக்கணக்கான பூனைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து, எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்டவை பிற்காலத்தில் மூர்க்கமாக நடந்துகொள்வது மிகுதி என 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எட்டு வாரமேனும் தாயிடம் விட்டுவைக்கவேண்டும். பன்னிரண்டு வாரமானால் இன்னும் நல்லது. இதற்கிடையில், இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டியே மனிதரிடம் அச்சமின்றிப் பழகும். ஆதலால் குட்டியைத் தாயிடம் விட்டுவைத்து, நாள்தோறும் சென்று சிறிது நேரம் கையில் எடுத்துக் கொஞ்சிவிட்டு வருவதே சிறந்த வழி.

புதிய வீட்டுக்கு வந்த முதல் நாள், குட்டி பெரும்பாலும் அலமாரிக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ புகுந்துகொள்ளும். அதைக் கையைவிட்டு இழுக்கக்கூடாது. நாமும் ஒரு மூலையில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாம். ஒரு மணியிலோ ஒரு நாளிலோ அதுவே நம் காலை முகர்ந்து பார்க்கும். வீடு முழுவதையும் அதற்கு ஒரே நாளிற் காட்டவேண்டுவதில்லை. ஓர் அறை போதும். அங்கே ஒரு மூலையில் தண்ணீரும் உணவும், எதிர்மூலையில் அகலமான தட்டு ஒன்றில் உலர்ந்த மணலும் வைக்கவேண்டும். மண்ணைக் கிளறி மலத்தை மூடும் இயல்பு பூனைக்குப் பிறவிக்குணம். ஆதலால் இரண்டொரு முறை உணவுக்குப்பின் அதைத் தூக்கி மணலில் விட்டால் பழகிக்கொள்ளும். உண்ணும் இடத்துக்கு அருகே மணல்தட்டை வைத்தால் அதைப் பயன்படுத்தாது. இந்த நாகரிகத்தை நாம் மதிக்கத்தான் வேண்டும். மணலை நாள்தோறும் தூய்மை செய்து கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது பிறரைத் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். கருவுற்ற பெண்கள் அந்த வேலையைச் செய்யாமல் வேறொருவரிடம் விடுவது நலம்.

உணவைப் பற்றி நம் நாட்டில் ஒரு சங்கடம் உண்டு. அதை மறைக்காமற் கூறிவிட வேண்டும். பல வீடுகளில் பூனைக்குத் தயிர்ச்சோறே உணவு. பூனை பிறப்பால் புலால் உண்ணி. அதன் உடல் சில சத்துக்களைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. கேரட்டிலுள்ள மஞ்சட்பொருளை மனித உடல் உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. பூனையின் உடலால் அது முடியாது. டாரின் என்னும் பொருளும் அதற்குப் புலாலிலிருந்தே கிடைக்கவேண்டும். டாரின் இல்லாத உணவுண்ட பூனைகளின் விழித்திரை நலிந்து பார்வை கெடும் என்பதை 1975ஆம் ஆண்டிலும், இதயத்தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். தயிர்ச்சோறு உண்டும் பல பூனைகள் நன்றாக இருக்கின்றனவே என்பீர்கள். அவை இரவில் எலியும் பல்லியும் பிடித்துத் தின்று குறையை நிரப்பிக்கொள்கின்றன. அடுக்குமாடி வீட்டினுள் அடைபட்ட குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. மரக்கறி உண்ணும் குடும்பத்தினர் தம் கொள்கையை விட்டுத் தம் அடுப்பில் மீன் சமைக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குட்டிகளுக்கெனச் செய்து விற்கும் உணவை வாங்கி வைக்கலாம். அதற்கும் மனம் ஒப்பாதெனில், வேறொரு பிராணியை வளர்ப்பதே பூனைக்கும் அவர்களுக்கும் நல்லது. புலால் சமைக்கும் வீட்டிலும் குழம்புச் சோற்றை அப்படியே வைத்துவிடக்கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. உப்பும் காரமும் இன்றி வேகவைத்து முள்ளும் எலும்பும் நீக்கிய மீனோ கோழியோ இடையிடையே கொடுக்கலாம். சர்க்கரைப் பண்டம் வைத்துப் பயனில்லை. இனிப்பை உணரும் மரபணு பூனையினத்தில் பழுதுபட்டுள்ளதென்பது 2005ஆம் ஆண்டில் தெரியவந்தது.

நாட்காட்டிப் படங்களில் பூனைக்குட்டி நூற்கண்டோடு விளையாடுவதைக் காண்கிறோம். ஓவியருக்கு அது அழகு. கால்நடை மருத்துவருக்கு அது கவலை. பூனையின் நாவிலுள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. நூல் நாவிற் பட்டால் துப்ப இயலாமல் விழுங்கிக்கொண்டே போகும். குடல் அந்த நூலில் கோத்ததுபோல் சுருங்கிக் கிழிந்துபோகக்கூடும். தையற்பெட்டியை மூடி வைக்கவேண்டும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். நாம் தூய்மை எனக் கருதும் பினாயிலும் அதற்கு நஞ்சு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போது உடலுக்குள் செல்கிறது. இத்தகைய பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதே காரணத்தால், காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே அதைக் கொல்லப் போதும். நாய்களின் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே. குட்டிக்குச் சுகமில்லையென்றால் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறவாமலிருப்பதே முதல் வைத்தியம். மழை இரவுகளில் மற்றொன்று: நிறுத்திய மோட்டார் வண்டியின் இயந்திரத்தருகே சூடு தேடிக் குட்டிகள் படுத்துறங்கும். காலையில் வண்டியைக் கிளப்புமுன் மேல்மூடியை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

நோய்களுள் குட்டிகளை மிகுதியாகக் கொள்ளைகொள்வது பான்லூகோபீனியா என்னும் வைரஸ் நோய். நேற்றுவரை துள்ளிய குட்டி இன்று உண்ணாது, வாந்தியெடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும். இரண்டொரு நாளில் இறந்துவிடுவதும் உண்டு. அந்நோய்க் கிருமி வீட்டில் ஓராண்டுகூட உயிரோடிருக்கும். ஒரு குட்டி அவ்வாறு இறந்த வீட்டில், தடுப்பூசி போடாத மற்றொரு குட்டியை உடனே கொண்டுவரக்கூடாது. தடுப்பூசி ஆறு அல்லது எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம்வரை போடப்படுகிறது. ஒரே ஊசி ஏன் போதாது என்று கேட்கலாம். சீம்பாலின் வழியே தாய் அளித்த எதிர்ப்பொருள் குட்டியின் இரத்தத்தில் சில வாரம் இருக்கும். அது நோயைத் தடுப்பதுபோலவே தடுப்பூசியையும் வேலைசெய்ய விடாமல் தடுத்துவிடும். அப்பாதுகாப்பு எந்த வாரத்தில் தேய்ந்து மறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவேதான் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் போடுகிறோம். தாய்ப்பாலின் வழியே வேறொன்றும் வருகிறது, உருண்டைப் புழு. மூன்றாம் வாரம் முதல் மருத்துவர் சொல்லும் அளவில் புழுமருந்து கொடுக்கவேண்டும்.

பன்னிரண்டு வாரம் ஆனபின் வெறிநோய்த் தடுப்பூசி. நாய்க்கு மட்டுமே உரியதென்று எண்ணப்படும் ரேபீஸ், பூனைக்கும் வரும். பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். இந்நோயின் குறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் கடிபட்டவுடன் தக்கவாறு செய்தால் நோயே வராது. லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்புமருந்தை முதன்முதலாகச் செலுத்திக் காப்பாற்றினார். நீலகிரியில் குன்னூரில் 1907ஆம் ஆண்டில் அவர் பெயரால் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அக்காலத்தில் கடிபட்டவர்கள் அந்த மலைக்கே சென்று சிகிச்சை பெற்றனர். இன்று அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி கிடைக்கிறது. தெருவிலிருந்து எடுத்த குட்டி கடித்தாலோ, இரத்தம் வரப் பிறாண்டினாலோ, சிறு குட்டிதானே என்று அலட்சியம் செய்யாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் ஏசுவார்கள் என்று மாணவர்கள் கீறலை மறைப்பதுண்டு. ஏச்சைப் பொறுத்துக்கொள்ளலாம்.

விளையாட்டைப் பற்றி ஒரு சொல். குட்டி நம் விரலைக் கடிக்கும்போது கூச்சமாகவும் இன்பமாகவும் இருக்கிறது. விரல் விளையாட்டுப் பொருள் என்று அது கற்றுக்கொண்டால், ஆறு மாதத்துக்குப்பின் அதே விளையாட்டில் நம் கை கிழியும். காகித உருண்டை, தென்னங்குச்சி நுனியில் கட்டிய துணித்துண்டு இவற்றை இழுத்துக் காட்டுங்கள். விளையாட்டு முடிந்ததும் துணித்துண்டை எடுத்து வைத்துவிடுங்கள். கடித்தால் அடிக்கவேண்டாம். கையை அசைக்காமல் நிறுத்தி, எழுந்து சென்றுவிட்டால் போதும்.

பெண்குட்டியானால் நான்கு ஐந்து மாதத்திலேயே கருவுறும் பருவத்தை அடைந்துவிடக்கூடும். கருக்காலம் ஒன்பது வாரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. ஈற்றுக்கு நான்கு குட்டி எனக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தக் கணக்குத் தெரியாமல் வளர்த்துவிட்டுப் பின்னர், குட்டிகளைச் சாக்குப்பையில் கட்டிச் சந்தையருகே விட்டுவருவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். நான் வைக்கோற்போரின் கீழ்க் கண்டெடுத்தது அப்படி விடப்பட்ட ஒன்றோ, தாய் திரும்பி வருவதற்குள் நான் தூக்கிவந்த ஒன்றோ, தெரியாது. ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் உருவான 1960ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. ஐந்து மாதத்துக்குள் கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்த நிலையே வராது. கடுவனுக்கும் அவ்வாறே செய்வது நலம். ஊர்சுற்றிச் சண்டையிட்டுப் புண்ணோடு திரும்புவது பெரிதும் குறையும். அறுவைக்குப்பின் பத்து நாள் வரையில் தையலை நக்கவிடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கும். இருபத்தாறு பாற்பற்கள் போய், முப்பது நிலைப்பற்கள் வரும். விழுந்தவற்றுள் பெரும்பாலானவற்றை அது விழுங்கிவிடும். என்றேனும் ஒரு நாள் பாயைச் சுருட்டும்போது, அரிசிக் குறுநொய் அளவில் கூரிய வெண்பல் ஒன்று கிடக்கக் கண்டால் அஞ்சவேண்டாம். அந்த வாரம் உணவைச் சற்று ஊறவைத்து மென்மையாக்கிக் கொடுங்கள்.